இரண்டாம் தடவை கேட்காத ஊர்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. மூடி மறைக்க வராது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரியின் ரிப்பனைப் பார்த்து எரிந்திருக்கிறேன். கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்துகொண்டே நாத்தனாரின் ஜிமிக்கியைப் பார்த்து எரிந்திருக்கிறேன். ஆனால் எழுபத்தொன்றாம் வருஷம் நவம்பரில், மியூனிக்குக்குப் பக்கத்தில் கார்ஹிங் என்ற ஊரில், மாடி வீட்டுச் சியாமளாவின் மேல் நான் பட்ட பொறாமைக்கு முன்னால் அதெல்லாம் தூசு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலரை மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. சியாமளா வீட்டில் ஸ்லைடு காட்டுகிறார்கள் என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஜெர்மன்காரர்களிடம் இப்படி ஒரு பழக்கம் உண்டு. வெளியூர் போய் வந்தால் எடுத்த படங்களையெல்லாம் ஸ்லைடாகக் கழுவி வாங்கி, தெரிந்தவர்களை உட்காரவைத்து, விளக்கை அணைத்துச் சுவரில் போட்டுக் காட்டுவார்கள். வந்தவர்கள் உப்புக்குச்சி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு "ஆகா" சொல்ல வேண்டும். சியாமளா ஜெர்மனிக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் உப்புக்குச்சி வரைக்கும் கற்றுக்கொண்டுவிட்டாள். நான் வந்து மூன்று வருஷம். எனக்கு இன்னும் ரொட்டிக் கடையில் விரலை நீட்டித்தான் ரொட்டி வாங்கத் தெரியும்.

கீழ்வீட்டில் நானும் என் வீட்டுக்காரர் உமாபதியும். மாடியில் சியாமளாவும் அவள் கணவர் அசோகனும். ஆண்கள் இருவரும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் லிண்ட்னர் என்ற ப்ரொஃபசரிடம் வேலை பார்த்தார்கள். அங்கேயே வேலை பார்க்கும் சிதம்பரம் என்ற பிரம்மச்சாரியும் வந்திருந்தார். சுவரில் முதல் படம் விழுந்தது. குன்றின்மேல் ஒரு சின்ன ஊர், சுற்றிலும் பழைய கல் மதில், நடுவில் கோபுரம் மாதிரி ஒரு மாதாகோயில்.

"இதுதான் பிரான்ஸ்ல நாங்க தங்கின ரோச்சேவில்லே," என்றாள் சியாமளா. "Eight hundred years old-ஆம்!"

"ரோஷ்வியேல்," என்றேன் நான்.

"ஆமாம் அக்கா, அதேதான்," என்று அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஒரு வாரம் முழுக்க அந்த ஊரிலேயே நின்றுகொண்டு ரோச்சேவில்லே, ரோச்சேவில்லே என்று சொல்லியிருக்கிறாள். குரங்கு கையில் பூமாலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் புதுச்சேரிக்காரி. அப்பா பிரெஞ்சு சர்க்காரில் குமாஸ்தா. நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பெருக்கல் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் பிரெஞ்சில்தான் வரும். சொல்வதெழுதுதலில் வகுப்பிலேயே முதல். அப்படிப்பட்ட என்னைக் கல்யாணம் பண்ணி ஜெர்மனிக்குக் கூட்டி வந்தார்கள். ஜெர்மன் என் மண்டையில் ஏறவில்லை, ஆங்கிலமும் அரைகுறை. மூன்று வருஷமாக நான் வீட்டுக்கு வெளியே வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசியது கிடையாது. ஆறு மணி நேரம் காரில் போனால் பிரான்ஸ். அங்கே போய் ஒரே ஒரு நாள், கடைக்காரியிடம் பூண்டு என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்தால்கூடப் போதும், நானும் பேசத் தெரிந்த மனுஷிதான் என்று எனக்கே நிச்சயமாகும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அது கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை. ஆகஸ்டில் ப்ரொஃபசரின் மனைவி ஃப்ராவ் லிண்ட்னர் பிளம் கேக் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குத்தான் முதலில் வந்தாள். செப்டம்பரில் ஒரு வாரம் பிரான்சுக்குப் போகிறோம், காரில் இரண்டு இடம் காலி, நீங்களும் உங்கள் கணவரும் வருகிறீர்களா என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். விசாவுக்கு வேண்டியதை ப்ரொஃபசர் பார்த்துக்கொள்வார் என்றாள்.

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் மட்டும் சிரித்தபடி, "நைன், நைன்! உங்களுக்கு எதற்குச் சிரமம்!" என்றது.

நம் பக்கத்தில் அப்படித்தானே? காப்பி சாப்பிடுகிறீர்களா என்றால் வேண்டாம், இப்போதுதான் ஆச்சு என்போம். இரண்டாம் தடவை கேட்டால் உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம். மூன்றாம் தடவை அரை டம்ளர் போதும் என்போம். கேட்டவுடன் சரி என்கிறவளை அலைகிறவள் என்பார்கள். நான் இரண்டு 'வேண்டாம்' ஒன்றாகச் சேர்த்தே சொல்லிவிட்டேன், காரியம் சீக்கிரம் முடியட்டும் என்று. இனி அவள் ஒரு தடவை வற்புறுத்த வேண்டும், நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஃப்ராவ் லிண்ட்னர் "ஓ, ஷாடே" என்றாள். அடடா, வருத்தம்தான் என்று அர்த்தம். கேக்கைத் தின்று முடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நான் வாசல் வரைக்கும் போனேன். நம் ஊரில் நிஜமான பேச்செல்லாம் வாசலில்தானே நடக்கும், அங்கே கேட்பாள் என்று நின்றேன். அவள் கைகுலுக்கிவிட்டு மாடிப்படி ஏறினாள். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சியாமளா கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். "யா! யா! யா!" சரி, சரி, சரி என்று அர்த்தம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். "மறுபடி கேப்பாங்கன்னு நெனச்சேங்க."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "இவங்க ரெண்டாம் தடவை கேக்க மாட்டாங்க வல்லி. நீ வேண்டாம்னா, அது வேண்டாம்தான். அதுதான் இவங்க மரியாதை," என்றார். இதை மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அவருக்கு எல்லாமே காரியம் கெட்ட பிறகுதான் ஞாபகம் வரும்.

சுவரில் படங்கள் வந்துகொண்டிருந்தன. மரத் தூண்கள் வைத்த பழைய சந்தைக் கொட்டகை, ஜடை பின்னித் தொங்கவிட்ட பூண்டு, வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு பாலாடைக்கட்டி. குன்றுச் சரிவில் சேலையைத் தூக்கிச் செருகி, ரப்பர் பூட்ஸ் மாட்டி, கையில் கம்போடு சியாமளா நடக்கிறாள். அடுத்த படத்தில் ஆற்றில் ஒரு சின்னத் தோணி, சேலைக்கு மேலே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு அவள் துடுப்புப் போடுகிறாள். பின்னால் அசோகன் குழம்புக் கரண்டியைப் பிடிக்கிற மாதிரி துடுப்பைப் பிடித்திருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீச்சல் தெரியாதவள் ஆற்றில் போகிறாள், பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாதவள் சந்தைக்குப் போகிறாள். எனக்கு இரண்டும் தெரியும். நான் கார்ஹிங்கில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தேன்.

"இந்த அபே-யில, அதான் பழைய மடாலயத்துல, இருநூத்திப் பத்து படி," என்றார் அசோகன். "ஏறினா ஆறு வளைஞ்சு போறது முழுசாத் தெரியும்."

"அக்கா, இந்தப் படத்தைப் பாருங்க," என்றாள் சியாமளா.

ஒரு சாப்பாட்டு மேசை. லிண்ட்னர் தம்பதி, அசோகன், முக்கால்வாசி வெள்ளை முடியோடு ஒரு குண்டு அம்மாள். நடுவில் பெரிதாக ஒரு காலி நாற்காலி. அதன் முன்னால் தட்டும் கரண்டியும்கூட வைத்திருந்தது.

"ஆளை விட்டுட்டு நாற்காலியைப் படம் எடுத்திருக்கியே," என்றேன். சிதம்பரம் விழுந்து விழுந்து சிரித்தார். சியாமளா என்னவோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அசோகன் அடுத்த ஸ்லைடைத் தள்ளிவிட்டார்.

படங்கள் முடிந்து விளக்கைப் போட்டதும் சியாமளா ஒரு உறையை எடுத்து வந்தாள். "படத்துல பார்த்தீங்களே, நாங்க தங்கின வீட்டுக்கார அம்மா, மதாம் கிளோதில், letter போட்டிருக்காங்க. எனக்கு ஒரு அட்சரம் புரியல. ஃப்ராவ் லிண்ட்னருக்கும் ஹோட்டல் மெனு படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். வல்லி அக்கா படிச்சா சரியா இருக்கும்னு வச்சிருந்தேன்."

இரண்டு தாள், ஊதா மை, சாய்ந்த பழைய காலத்து எழுத்து. எனக்குக் கன்னியாஸ்திரிகளின் கரும்பலகை ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் பிரெஞ்சில் படித்து, பிறகு தமிழில் சொன்னேன். சியாமளா விட்டுவிட்டுப் போன பச்சை ஸ்கார்ஃப் பத்திரமாக இருக்கிறது. பூனை அதன்மேல்தான் தூங்குகிறது. இந்த வருஷம் வால்நட் நல்ல காய்ப்பு. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். என் வீட்டுக்காரர்கூட. அந்த ஐந்து நிமிஷம் நான் ராணி.

முதல் தாளின் அடியில் இருந்ததைக் கண் மட்டும் படித்தது. "மே மாதம் நீங்கள் மறுபடி வர வேண்டும். ஆற்றைப் பார்த்த அறை உங்களுக்குத்தான். பணப் பேச்சே வேண்டாம். கிறிஸ்துமஸுக்குள் பதில் எழுதுங்கள், மீன்பிடிக்க வருகிறவர்கள் அறையைக் கேட்கிறார்கள்."

மறுபடியுமா? மறுபடியும் இவளையா? ஒரு தடவை 'யா' சொன்னவளுக்கு உலகமே கதவைத் திறந்துகொண்டே போகுமா?

கடிதத்தை மடித்தேன். "அவ்வளவுதான். குளிர் ஆரம்பிச்சிடுச்சாம். எல்லாரையும் கேட்டதாச் சொல்லச் சொல்லியிருக்காங்க."

"இன்னொரு தாள் இருக்கே?" என்றார் சிதம்பரம். பிரம்மச்சாரிகளுக்கு இந்த மாதிரி விஷயத்தில் கண் கூர்மை.

"பிரெஞ்சுக்காரங்க சுத்தி வளைச்சுத்தான் முடிப்பாங்க. எல்லாம் மரியாதை வார்த்தை."

சியாமளா முகம் வாடியது. "வேற ஒண்ணுமே எழுதலையா அக்கா?"

எவ்வளவு ஆசை பார், இவளுக்கு இன்னும் வேண்டுமாம் என்று நினைத்தேன். "ஒண்ணுமே இல்லை," என்றேன்.

அவள் கடிதத்தை என்னிடமே கொடுத்து, பதிலும் நீங்களே எழுதிவிடுங்கள் என்றாள். மறுநாள் எழுதினேன். அழைப்புக்கு நன்றி, பயணம் செய்யும் நிலையில் இல்லை, அறையை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடவும். ஓர் எழுத்துப்பிழை கிடையாது. மாடிக்கு எடுத்துப் போனேன். தன்னால் படிக்க முடியாத கடிதத்தின் அடியில் சியாமளா அழகாகக் கையெழுத்துப் போட்டாள். எனக்குக் காப்பியும் கொடுத்தாள். வைக்கோல்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்கள். அந்தக் காப்பியைக் குடிக்கும்போது அந்த நாய் நான்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே குடித்தேன். மாதாகோயில் பக்கத்திலிருந்த மஞ்சள் தபால்பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்தேன்.

பத்து நாள் போயிற்று. பனி கொட்ட ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் ஆண்கள் பஸ் பிடித்துப் போன பிறகு எனக்கு வீடு தாங்கவில்லை. வீட்டில் இருந்த பிரெஞ்சு என்று பார்த்தால் அந்தக் கடிதம் ஒன்றுதான். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். பூனை, வால்நட் எல்லாவற்றையும் வாய்விட்டு, நாக்குக்கு ருசியாக மறுபடி படித்தேன். மே மாதத்தை வேகமாகத் தாண்டினேன். இரண்டாம் தாளுக்கு வந்தேன்.

"உங்கள் தோழி மதாம் வல்லியையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். முதல் நாள் நீங்கள் என் மேசைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதைத் தட்டித் தட்டி, வல்லி, வல்லி என்றீர்கள். அது உங்கள் ஊர்ச் சாமியின் பெயரோ என்று நான் நினைத்தேன். பிறகு ப்ரொஃபசரின் மனைவி தனக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் சொன்னார். கீழ்வீட்டுப் பெண்ணாம். நம் மொழியை அழகாகப் பேசுவாராம். இந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டியவர் அவர்தான் என்று நீங்கள் சொல்கிறீர்களாம். ஒரு வாரமும் அந்த நாற்காலியை எடுக்க என்னை நீங்கள் விடவில்லை. இப்போதும் அது அங்கேயேதான் இருக்கிறது. நானும் தனியாக இருக்கிறவள். மே மாதம் அவர் அதில் உட்கார்ந்து என்னோடு பேசட்டும்."

நான் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷமாகக் காத்திருந்த அழைப்பு. அதை என் கையாலேயே, பிழையில்லாத பிரெஞ்சில், வேண்டாம் என்று எழுதித் தபாலில் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை என்னைத் திரும்பக் கேட்க யாரும் வரப்போவதில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பது சரிதான். ஆனால் அது அடுத்தவள் கையெழுத்தையும் சேர்த்துச் சுட்டிருந்தது. அதை நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

கடிதத்தை அடுப்பில் போட்டுவிடலாம் என்றும் தோன்றியது. பொய் சொன்னால் ஆகாது, எனக்கு அப்படித் தோன்றத்தான் செய்தது. சியாமளாவுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் அந்த நாற்காலி கண்ணை விட்டுப் போகவில்லை. ஆளை விட்டுவிட்டு நாற்காலியைப் படம் எடுத்தாள் என்று ஊரைச் சிரிக்கவைத்தேனே. அவள் எடுத்தது என் படத்தைத்தான்.

மாடிக்குப் போனேன். சியாமளா சமையல் மேசையில் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே இரண்டு தாளையும் முதலிலிருந்து கடைசி வரை படித்துத் தமிழில் சொன்னேன். அப்புறம் நான் எழுதிய பதிலில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கே படிச்சீங்களா? May-ல வரச் சொன்னதை?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு என்னைக் கையெழுத்துப் போட வச்சீங்களா?"

"ஆமாம்."

"ஏன் அக்கா?"

"பொறாமை," என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் கத்தியை எடுத்து மறுபடி தோலுரிக்க ஆரம்பித்தாள். எனக்கு உட்காருமளவு தைரியமும் இல்லை, போகுமளவு தைரியமும் இல்லை.

"நானும் ஒண்ணு சொல்றேன்," என்றாள் தலையை நிமிர்த்தாமல். "ஆகஸ்ட்ல ஃப்ராவ் லிண்ட்னர் மேல வந்து, கீழ் வீட்டுல வேண்டாம்னுட்டாங்க, நீங்க வரீங்களான்னு கேட்டாங்க. உங்க வேண்டாம் எந்த வேண்டாம்னு எனக்குத் தெரியாதா? நானும் நம்ம ஊர்ப் பொண்ணுதானே. இன்னொரு தடவை போய்க் கேளுங்கன்னு அவங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும். சொல்லல. எனக்கும் ஆசையா இருந்துச்சு. போய் உக்காந்தா சோறு இறங்கல. அதான் அந்த நாற்காலி."

எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. வருவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

"May மாசம் நீங்க வரீங்களா?" என்றாள் திடீரென்று. "நான் ஒரு தடவைதான் கேப்பேன்."

முப்பது வருஷப் பழக்கம். 'வேண்டாம், உனக்கு எதுக்குச் சிரமம்' என்பது பல்லிடுக்கு வரைக்கும் வந்துவிட்டது. கடித்து நிறுத்தினேன்.

"யா," என்றேன். ஜெர்மன் மொழியில் நான் சரியான நேரத்தில் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"அப்போ கோட்டை மாட்டுங்க. கிறிஸ்துமஸுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு. தந்தி குடுக்கணும்."

தபாலாபீசுக்குப் பனியில் வழுக்கி வழுக்கிப் போனோம். அவள் நீலக் கோட்டு அவளுக்கு நன்றாக இருந்தது. அந்த நேரத்திலும் அது என் கண்ணில் படத்தான் செய்தது. தந்திப் பாரத்தில் நான் பிரெஞ்சில் எழுதினேன். முன் கடிதம் தவறு. மே மாதம் இருவரும் வருகிறோம். சியாமளா, வல்லி. எழுதி ஜன்னலுக்குள் நீட்டப் போனேன்.

சியாமளா பாரத்தைப் பிடித்துக்கொண்டாள். "இருங்க. ஒவ்வொரு வார்த்தையாச் சொல்லுங்க."

ஜன்னலுக்குப் பின்னால் குமாஸ்தா காத்திருந்தார், எங்களுக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். அவள் முதல் வார்த்தையில் விரலை வைத்தாள். நான் அர்த்தம் சொன்னேன். அடுத்ததில் வைத்தாள். சொன்னேன். கன்னியாஸ்திரிகளிடம்கூட நான் இப்படிப் பாடம் ஒப்பித்ததில்லை. 'தவறு' என்ற வார்த்தைக்கு வந்ததும் விரல் நின்றது.

"யாரோட தவறு?"

"என்னோட."

"அதையும் எழுதுங்க," என்றாள்.

எழுதினேன்.